கார்பன் முகத்தில் நட்ட டிஎன்ஏ

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு மிகப் பரவலான காரணம், ஒரு மரபணுவில் மூன்றே மூன்று எழுத்துகள் விடுபட்டுப்போவது. அந்த விடுபடலைக் கார்பன் மின்முனையையும் சிறிது மின்சாரத்தையும் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று 1994-இல் கனடாவில் சூசன் மிக்கல்சனின் குழு காட்டியது. தேடும் வரிசையோடு ஜோடி சேரும் ஒற்றை இழை டிஎன்ஏவை மின்முனையில் பதித்தார்கள். அதன் ஜோடி வந்து சேர்ந்து இரட்டை இழையானால் கரைசலில் உள்ள கோபால்ட் சேர்மம் அங்கே கூடுதலாக ஒட்டும், மின்னோட்டம் ஏறும்.

சொல்ல எளிது. டிஎன்ஏவைக் கார்பனில் நிற்கவைப்பதுதான் பெரும்பாடு. தங்கத்தில் கந்தகத்தின் வழியாக டிஎன்ஏ எளிதில் ஒட்டிக்கொள்ளும், மின்னழுத்தம் எல்லை மீறினால் கழன்றும் விடும். கார்பனிலோ உறுதியாக நிற்க வேதிப் பிணைப்பு வேண்டும். அதற்கு ஒரு வழி திறந்தது, 1992-இல் பிரான்சில் பின்சோன், சவேயன் முதலானோர் வெளியிட்ட டையசோனியம் முறை.

முதலில் கண்ணாடிக் கார்பன் வில்லையை ஈரத் துணியில் அலுமினாப் பொடியிட்டு, முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இந்த வேலையில் சோம்பல்பட்டால் பின்னால் வரும் எதுவும் சரியாக வராது. பிறகு கார்பாக்சில் முனை கொண்ட டையசோனியம் உப்புக் கரைசலில் அதை வைத்து எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், நைட்ரஜன் வாயு பிரிந்துபோக, மிச்சமிருக்கும் பென்சீன் வளையம் கார்பனோடு நேராகப் பிணைகிறது. பிணைந்ததா என்று எப்படித் தெரியும்? இளமஞ்சள் ஃபெர்ரிசயனைடு கரைசலில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பு திரையில் மின்னோட்ட வரைபடத்தில் எழுந்த இரண்டு முகடுகளும் தட்டையாகிவிட்டால் படலம் படிந்துவிட்டது. அந்தப் படலத்தின் கார்பாக்சில் முனையில் அமீன் வால் வைத்த டிஎன்ஏவைக் கோப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். வினை ஓரடுக்கோடு நிற்பதில்லை. வளையத்தின் மேல் வளையம் ஏறிக்கொண்டே போகும். படலம் தடித்தால் எலெக்ட்ரானே கடக்காது, டிஎன்ஏ நட்ட இந்த உணரி ஊமையாகிவிடும். மெலிந்தால் வெற்றுக் கார்பன் தெரியும். இரத்தப் புரதங்கள் அங்கே போய் அப்பிக்கொள்ளும். என்னைக் கேட்டால், எப்போது மின்சாரத்தை நிறுத்துவது என்று தெரிவதுதான் இதில் பாதித் திறமை. டிஎன்ஏவையும் நெருக்கமாக நடக்கூடாது. ஒவ்வோர் இழைக்கும் எதிர்மின்னூட்டம் உண்டு, அடர்ந்து நின்றால் வரும் ஜோடியை அதுவே விரட்டிவிடும்.

சுத்தமான உப்புக் கரைசலில் அழகான முகடு காட்டும் உணரி, ஒரு சொட்டு இரத்தத்தில் தடுமாறுவது இத்துறையில் அன்றாடக் கதை. அதனால் காலியிடங்களை மாட்டு அல்புமின் போன்ற புரதத்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டுத்தான் பலர் சோதனையைத் தொடங்குகிறார்கள்.