மதிலோர உயிர்கள் – 9: நாலு வேடம்

பேலியகொடை மீன்சந்தைக்கு வந்த லொறிகளின் இரைச்சல் அடங்கிய காலை நேரம். எங்கள் படியோரச் சாடியில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. கறுப்புச் சிறகு, முன்னே வெள்ளைப் பட்டைகள், பின்னே இரத்தச் சிவப்புப் பொட்டுகள். பார்த்தவுடன் சிவப்புடல் அழகி என்றே நினைத்தேன். ஆனால் அது முட்டையிடுவது ஆடுதீண்டாப்பாளைக் கொடியில். ஆடுகூட வாய் வைக்காத அந்த இலையின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதற்குக் கறிவேப்பிலையில் என்ன வேலை?

கிட்டப்போய் உடம்பைப் பார்த்தேன். சிவப்பில்லை, கறுப்பு. வந்திருந்தவள் கறிவேப்பிலை அழகி. நஞ்சு இல்லாதவள், நஞ்சுள்ளவளின் உடையில் வந்திருக்கிறாள். வயிற்று நுனியை வளைத்துத் தளிரைத் தொட்டுவிட்டுப் பறந்தாள். அங்கே கடுகளவில் வெளிர்மஞ்சள் முத்து ஒன்று ஒட்டியிருந்தது.

மூன்று நாலு நாளில் முட்டை பொரித்தது. புழு வளர வளர, இலைமேல் காக்கை எச்சம் விழுந்ததுபோலக் கிடந்தது. இது முதல் வேடம். நான்காம் முறை தோல் உரித்ததும் பச்சையாகி, தோளில் இரண்டு பொய்க்கண்களோடு குட்டிப்பாம்பாய் நிமிர்ந்தது. ஈர்க்கால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு நீண்டது. கடுமையான நெடி விரலில் ஒட்டியது. பிறகு தண்டில் பட்டுநூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இலையின் நிறத்திலேயே கூட்டுப்புழுவானது. பச்சைத் தண்டென்றால் கூடும் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியென்றால் பழுப்பு.

நாலாவது வேடம் பெண்ணுக்கு மட்டும். இலங்கையில் இந்த இனத்துப் பெண்கள் மூன்று வடிவங்களில் பறக்கின்றன: ஒன்று ஆணைப்போல, ஒன்று ரோஜா அழகியைப்போல, ஒன்று சிவப்புடல் அழகியைப்போல. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்த இனத்தின் புதிருக்கு 2014இல் ஒரு முக்கிய விடை கிடைத்தது. பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வகுக்கும் 'டபிள்செக்ஸ்' என்ற ஒரே மரபணுவே இந்த உடைமாற்றத்தையும் நடத்துகிறது என்று கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள்.

இந்த நாலு வேடமும் கண்ணால் இரை தேடும் எதிரிகளுக்கானவை. மருந்துப் புட்டிக்கு எதிராக அவளிடம் ஒரு வேடமும் இல்லை.

"கறிக்குப் போட ஒரு கொத்து மிச்சமில்லை. மருந்து அடிச்சு விடுங்கோ தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் அடிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு விடியலில், கூடு பிளந்து கசங்கிய ஈரச் சிறகோடு ஒன்று தொங்குவதைக் காட்டினேன். உடம்பிலிருந்து நீர் நரம்புகளில் ஏற ஏறச் சிறகு விரிந்தது. அடுப்பில் பால் கிடந்ததையும் மறந்து அக்கா நின்றார்.

தின்னப்பட்ட கன்று மறு மாதமே துளிர்த்துவிட்டது. இப்போது அக்கா மீன்குழம்புக்குக் கொத்து ஒடிக்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்கிறார்.

(அடுத்த வாரம்: எருக்கிலை தின்று வளர்பவன்)