கோப்பாய்க்கு உறுப்பினர் யார்?

"கோப்பாய்க்குப் பாராளுமன்ற உறுப்பினர் யார்?" என மாணவன் ஒருவன் இன்று வினவுவானாயின், ஒற்றைப் பெயரால் விடையிறுத்தல் ஆசிரியனுக்கு இயலாது. "யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு உறுப்பினர் அறுவர், அவ்வறுவரும் நமக்குரியர்" என்றே கூறல் வேண்டும். எல்லார்க்கும் உரியவர் எவர்க்கும் உரியரல்லர் என்று அம்மாணவன் மறுத்துரைப்பின் அவனைக் குறைகூற முடியாது. வினா சிறிது, அதனுட் கிடக்கும் பொருள் பெரிது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளில் அவ்வினாவுக்கு விடை எளிதாயிருந்தது. 1947ஆம் ஆண்டு முதல் கோப்பாய் தனக்கென ஓர் உறுப்பினரைக் கொண்ட தொகுதி. முதலில் அதனை வென்றவர், கோப்பாய்க் கோமான் எனப் போற்றப்பட்ட கு. வன்னியசிங்கம் அவர்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்த ஆசனங்கள் இரண்டே. தந்தை செல்வநாயகம் அவர்களே காங்கேசன்துறையில் தோல்வியுற்ற அக்காலத்தில், கோப்பாயும் திருகோணமலையுமே அக்கட்சியைத் தாங்கின. அவ்வழியில் வந்த தொகுதித் தேர்தல்களுள் இறுதியானது 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். அதில் கோப்பாய் மக்கள் கதிரவேற்பிள்ளை அவர்களைத் தெரிந்தனுப்பினர். உறுப்பினர் நல்லவரோ அல்லவரோ, அவர் இன்னார் என்பதும், எவ்வாசலிற் சென்று முறையிடலாம் என்பதும் வெங்காயத் தோட்டத்தில் நீர்பாய்ச்சுவோர்க்கும் தெரிந்திருந்தன.

அங்ஙனமாயின் அம்முறை மாற்றப்பட்டது ஏன்? தொகுதிமுறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. தோற்றவர்க்கு விழுந்த வாக்கெல்லாம் விழலுக்கிறைத்த நீராகும். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 51 வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றியது. நூற்றுக்கு முப்பதளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே. நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியோ, அவ்வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து கிடந்தமையால் 18 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சித் தலைமையை அடைந்தது. வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையே இத்துணைப் பிளவு இருத்தல் நீதியாகாது எனச் சிந்திப்போர் கருதுதல் இயல்பே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. பெல்ஜியம் 1899ஆம் ஆண்டிலேயே மேற்கொண்ட கொள்கை அது. நம் நாட்டிலோ, 1982 டிசெம்பரிலே நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் அன்றிருந்த பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டமையின், புதிய முறையில் முதற் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் நிகழ்ந்தது.

நிற்க. முறை நல்லதோ தீயதோ என்பது ஒரு வினா. அம்முறையின் கணக்கை நாம் அறிவோமா என்பது மற்றொரு வினா. பின்னையதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வகுப்பறையில் விகிதசமன் கணக்கைப் பிழையறச் செய்யும் பிள்ளைக்கும், அதே கணக்கினால் தன் ஊரின் தலைவிதி எழுதப்படும் வகை தெரிவதில்லை. ஆதலின் கணக்கையே முதலிற் கூறுவேன்.

பாராளுமன்ற உறுப்பினர் தொகை 225. அவருள் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவு செய்யப்படுவர். ஏனைய 29 பேர் தேசியப் பட்டியலால் வருவர். அந்த 196இலும் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்காக ஒதுக்கப்படும். எஞ்சிய 160 ஆசனங்களும் வாக்காளர் இடாப்பிலுள்ள பெயர்த்தொகைக்கு ஏற்பவே மாவட்டங்களுக்குப் பகிரப்படும். ஆகவே ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது வாக்களிப்பு நாளுக்கு நெடுநாள் முன்னரே, கிராம அலுவலர் கொணரும் படிவத்தில் எழுதப்பட்டு விடுகின்றது.

கோப்பாய், நல்லூர், உடுப்பிட்டி, சாவகச்சேரி முதலாகக் கிளிநொச்சி ஈறாகப் பழைய தொகுதிகள் பதினொன்றும் சேர்ந்ததே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். 1989இல் அதற்கு ஆசனமும் பதினொன்றே. 1994இல் அது பத்தாயிற்று, 2000இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. இறுதியில் நாம் இழந்த காலத்தில் கம்பஹா மாவட்டம் பதினெட்டிலிருந்து பத்தொன்பதாக ஏறியது. போரும் இடப்பெயர்வும் கடல் கடந்த வாழ்வும் இத்தேய்வின் காரணங்கள். 2010இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த பெயர்கள் 2024இல் ஆறு இலட்சத்துக்குக் குறைந்தன. இறந்தோர் பெயரும் நாடு கடந்தோர் பெயரும் இடாப்பில் நிற்றல் முறையன்று. அவற்றை நீக்கியது நேர்மையே. ஆனால் இங்கேயே வாழ்ந்துகொண்டு பெயர் பதியாதிருப்பவன் தன் வாக்கை மட்டும் இழக்கின்றானல்லன். தன் மாவட்டத்தின் ஆசனத்தையும் சிறிது சிறிதாக அரிக்கின்றான்.

பெயர் இருந்தும் வாக்களியாது விடின் விளைவது யாது? 1994ஆம் ஆண்டைக் காண்க. போர்ச்சூழலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு மூவர்தாமும் வாக்களிக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாயிரத்து எழுநூறு வாக்குகளைப் பெற்ற ஒரு சுயேச்சைக் குழு, பத்து ஆசனங்களுள் ஒன்பதைப் பெற்றது. கணக்கு வராதவனுக்காகக் காத்திராது. வந்தவனைக் கொண்டே முடியும்.

இனி 2024 நவம்பர் 14ஆம் நாள் நடந்த தேர்தலைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஆறு ஆசனங்களுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டன. செல்லுபடியான வாக்குகள் சுமார் 325,000. நூற்றுக்கு ஐந்து வீதம் பெறாத பட்டியல்களை முதலில் விலக்க வேண்டும். இவ்வாறு விலகிய வாக்குகள் மாத்திரம் ஏறக்குறைய 85,000. நாலில் ஒரு பங்குக்கும் மேல். அவற்றை இட்டவர்களின் விருப்பம் கணக்கில் ஏறவேயில்லை.

எஞ்சிய பட்டியல்கள் ஆறு. தேசிய மக்கள் சக்திக்குச் சுமார் 80,800. தமிழரசுக் கட்சிக்கு 63,300. தமிழ்க் காங்கிரசுக்கும் பதினேழாம் சுயேச்சைக் குழுவுக்கும் தனித்தனி ஏறத்தாழ 28,000. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22,500. ஈழ மக்கள் சனநாயகக் கட்சிக்கு 17,700. முதலிடம் பெற்றவர்க்கு ஓர் ஆசனம் மேலதிகமாக வழங்கப்படும். இதனையே போனஸ் ஆசனம் என்பர். மிகுதி ஐந்து. ஆறு பட்டியல்களின் மொத்த வாக்குகளாகிய 240,000ஐ ஐந்தால் வகுக்க, ஈவு 48,000. அவ்வீவு முழுமையாக அடங்குவது முதலிரு கட்சிகளிடத்தேதான், ஆளுக்கொன்று. பின்னர் மீதிகளுள் பெரியவற்றை நோக்குக. தேசிய மக்கள் சக்தியின் மீதி 32,800. அடுத்தவை இரண்டு இருபத்தெட்டாயிரங்கள். தமிழரசுக் கட்சியின் மீதியோ 15,300 மாத்திரமே. ஆகவே முடிவு மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. நாலிலொரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம்! விகிதாசாரம் என்னும் பெயரைத் தாங்கிய முறை, ஆசனங்கள் குறைந்த மாவட்டத்தில் விகிதத்தினின்று எத்துணை விலகுகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

இதே கணக்கைச் சிறிது மாற்றியும் பார்க்கலாம். இரண்டாமிடத்தவரும் ஐந்தாமிடத்தவரும் ஒரே பட்டியலில் நின்று, அவ்வாக்குகளையே பெற்றிருப்பின், கூட்டுத்தொகை 85,800. போனஸ் ஆசனம் அவர்பாற் சென்றிருக்கும். ஈவால் ஒன்று, மீதியால் ஒன்று என ஆசனம் மூன்றாகியிருக்கும். தனித்தனியே நின்று இருவரும் பெற்றதோ ஒன்றே. மக்கள் மனம் எண்களைப் போலக் கூட்டினாற் கூடிவிடுவதன்று என்பதை யான் அறிவேன். கொள்கை வேறுபாடு உள்ளவிடத்துப் பிரிந்து நிற்றலும் குற்றமன்று. இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் எனக் கூறுவதும் என் நோக்கமன்று. ஒன்றை மாத்திரம் வலியுறுத்துவேன். இம்முறையில் தேர்தலின் ஒரு பாதி வாக்காளர் இடாப்பிலும், மறுபாதி நியமனப் பத்திரத்திலும் முடிந்து விடுகின்றது. வாக்களிப்பு நாளில் நாம் இடும் புள்ளடி, பெரும்பாலும் அவ்விரண்டின் கீழ் இடப்படும் கையொப்பமே.

விருப்பு வாக்கு என்பது பிறிதொரு சிக்கல். பட்டியலைத் தெரிந்த பின் அதிலுள்ளோருள் மூவர்க்கு விருப்பைக் குறிக்கலாம். வாக்காளனுக்கு இஃதொரு நல்லுரிமையே. எனினும் ஒரே பட்டியலில் நிற்போர் ஒருவரோடொருவர் பொருதற்கும் இதுவே களமாகின்றது. மேலும், மாவட்டம் முழுவதும் திரிந்து வாக்குத் தேடும் செலவைத் தாங்க வல்லவர்க்கே இது வாய்ப்பளிக்கின்றது. தன் தொகுதியளவில் நற்பெயர் ஈட்டிய எளியவனுக்கு வழி குறுகிவிட்டது.

நம் முன்னோர் இவ்வகையில் யாது செய்தனர்? பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக் குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்துக் குடும்புக்கு ஒருவரைத் தெரிந்தனர். அது மக்கள் அனைவரும் வாக்களித்த தேர்தலன்று. நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே அங்கு இடமிருந்தது. ஆயினும் அதிற் கொள்ளத்தக்கன இரண்டு உள. ஒவ்வொரு குடும்புக்கும் தன்னவர் இன்னார் எனக் காட்ட ஒருவர் இருந்தார் என்பது ஒன்று. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீளத் தெரியப்படலாகாது என விலக்கப்பட்டனர் என்பது மற்றொன்று. உரியவரும் வேண்டும், அவர் கணக்கும் காட்ட வேண்டும். இன்றைய முறையில் நாம் இழந்து நிற்பன இவ்விரண்டுமே.

இழந்ததை மீட்க வழியில்லையோவெனின், உண்டு. 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல்களில் உறுப்பினருள் அறுபது வீதத்தினர் வட்டாரங்களாலும், நாற்பது வீதத்தினர் பட்டியலாலும் தெரிவாகின்றனர். கோப்பாயை உள்ளடக்கும் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கும் அதுவே விதி. ஜெர்மானியர் தம் பாராளுமன்றத்துக்கே 1949 முதல் இத்தகைய கலப்பு முறையைக் கைக்கொண்டுள்ளனர். உரியவரும் கிடைப்பர், சிறுபான்மையோர் வாக்கும் வீணாகாது. பாராளுமன்றத் தேர்தலுக்கும் இது பொருந்துமாவென அறிஞர் ஆராய்க. ஆனால் தொகுதிகளை வரையும்போது சிதறி வாழும் சிறுபான்மையினர் நசுங்காதவாறு விழித்திருத்தல் வேண்டும்.

சட்டம் மாறுந்துணையும் நாம் வாளாவிருத்தல் தகாது. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையின் பெயரைப் பெற்றோர் இடாப்பிற் சேர்க்க. நியமனப் பத்திரம் நிறைவேறு முன்னரே, "எம் தொகுதியின் குறைகளுக்கு உம் பட்டியலிற் பொறுப்பாளர் யார்?" என்று வாக்காளர் கட்சிகளைக் கேட்க. வென்ற பின் அறுவருள் ஒருவரையேனும் ஆண்டுக்கொரு முறை ஊர் நடுவே அழைத்துக் கணக்குக் கேட்க. கேட்பார் இருப்பின் சொல்வாரும் தோன்றுவர். ஆசிரியனாகிய யான் செய்யக்கூடியது, ஈவும் மீதியும் கற்பிக்கும் நாளில் ஆறு ஆசனங்களையும் கரும்பலகையில் வரைந்து, இக்கணக்கையும் உடன் கற்பித்தலே. அது கற்ற பிள்ளை, வளர்ந்த காலத்தில், தன் ஊர்க்கு உறுப்பினர் யார் என்று ஆசிரியனைக் கேளான்; கேட்கவேண்டியவரையே கேட்பான்.