9 செ.மீ. போர்க்கப்பலுக்கு என்ன கலர் அடிப்பது?

உள்ளங்கையில் அடங்கிவிடும் கப்பல், மெல்லிய பிரஷ், நாலைந்து பெயின்ட் குப்பிகள். ‘இரும்புக் கப்பல்தானே, கறுப்பு அடிச்சா முடிஞ்சுது’ என்று தோன்றலாம். ஆனால், 19-ம் நூற்றாண்டு இரும்புக் கவசக் கப்பல்களின் மினியேச்சர்களுக்கு பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தலைவலியே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதற்கு இந்தக் குட்டிக் கப்பல்கள்?

மேசையைக் கடலாக்கி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் கடற்போர் விளையாட்டுக்காகத்தான். இதில் பிரபலமான களம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஹாம்ப்டன் ரோட்ஸ் சண்டை.

1862 மார்ச் 8 அன்று தெற்குத் தரப்பின் ‘வர்ஜீனியா’, வடக்கின் இரண்டு மரக்கப்பல்களை அழித்தது. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் வடக்கின் ‘மானிட்டர்’ அதை எதிர்கொண்டது. இரும்புக் கவசக் கப்பல்கள் நேருக்கு நேர் மோதிய முதல் சண்டை அது. மணிக்கணக்கில் சுட்டும் இரண்டுமே மூழ்கவில்லை.

சுமார் 54 மீட்டர் நீள மானிட்டர், 1:600 அளவில் வெறும் 9 செ.மீ.தான்.

கலரை எப்படி முடிவு செய்வது?

அந்தக் கப்பல்களுக்குக் கலர் போட்டோ கிடையாது. ஓவியங்களையும் நேரில் பார்த்தவர்களின் குறிப்புகளையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். குண்டுகள் வழுக்கிப் போகட்டும் என்று வர்ஜீனியாவின் சாய்வான கவசத்தில் கொழுப்பு தடவியிருந்தார்கள். அப்படியென்றால் மேட் பெயின்டா, லேசான பளபளப்பா?

நிஜக் கப்பல் கறுப்பு என்றாலும் மாடலுக்கு சுத்தக் கறுப்பு பூசுவதில்லை. தூரத்தில் இருக்கும் பொருள் வெளிறித் தெரியும் என்பதால், பிரைமருக்கு மேல் அடர் சாம்பல். பிறகு நீர்த்த கறுப்பை விட்டால், அது இடுக்குகளில் இறங்கி நிழலாகும். காய்ந்ததும், பெயின்டைத் துடைத்த பிரஷ்ஷால் வெளிர் சாம்பலை லேசாகத் தேய்த்தால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும்.

பலரும் செய்யும் தப்பு, துருவை அள்ளிப் பூசுவது. சண்டையின்போது மானிட்டர் தண்ணீரில் இறங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை!

அந்தப் பள்ளங்கள்

1862 ஜூலையில் எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோவில், மானிட்டரின் சுழல் பீரங்கிக் கூண்டில் குண்டு பட்ட பள்ளங்கள் தெரிகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று புயலில் கப்பல் மூழ்கி 16 பேர் இறந்தனர். 2002-ல் கூண்டை மேலே தூக்கியபோது, உள்ளே இரண்டு மாலுமிகளின் எலும்புகள் இருந்தன. 2013-ல்தான் அவர்கள் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டனர்.

ஒரு மிளகு அளவுகூட இல்லாத பள்ளத்தை எந்த இடத்தில் வைப்பது என்று, இன்றும் அந்த போட்டோவை ஜூம் செய்து பார்ப்பவர்கள் இருப்பது இதனால்தான்.