மலைக்கு மேற்கே மழை

ஆனி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்குவோர், குமுளி மலைமுகட்டில் கருமேகங்கள் குவிந்திருக்கக் காண்பர். மலைக்கு அப்பால், பீர்மேட்டில், அடைமழை. இப்பால் காற்றும் சிறு தூறலுமே. பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம்தான். “அவர்கள் செய்த புண்ணியம் என்ன, நாங்கள் செய்த பாவம் என்ன?” என முதியோர் நம்மிடம் வினவுவதுண்டு. பாவத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை, மலையே காரணம்.

அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்புகிறது. உயரே செல்லச் செல்லக் காற்று விரிந்து குளிர்கிறது. குளிரவே, அதிலுள்ள நீராவி துளிகளாகி, கேரளச் சரிவிலேயே மழையாய்க் கொட்டிவிடுகிறது. முகடு தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றோ, அழுத்தமுற்று வெப்பமடைகிறது, மேகங்கள் கலைகின்றன. இவ்விடத்தையே மழை மறைவுப் பகுதி என்பர்.

மலை எங்கும் ஒரே மதிலாக இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்றுதான் குற்றாலத்திற்குச் சாரல் தருகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அது பொய்த்தால் கிணறுகளும் வறளும்.

இந்நிலையில்தான் மேற்கு நோக்கிப் பாய்ந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, அதன் நீரை 1895-இல் கிழக்கே திருப்பினர். கம்பம் பள்ளத்தாக்கின் முதற்போக நெல் இன்றும் அந்நீரை நம்பியே நடப்படுகிறது. மேற்கே பெய்யும் மழைக்காக இங்குள்ள உழவரும் காத்திருக்கின்றனர்.