மகள் கணனி படிக்கப் போகிறாளா?

உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, உங்கள் மகளுக்குக் கணனி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கழுத்து மாலையை அடகு வைத்தாவது விலையுயர்ந்த லெப்டொப் ஒன்றை வாங்கிக் கொடுக்கத் தாய் மனம் துடிக்கும். சகோதரியே, சற்றுப் பொறுங்கள்! முதல் வருடத்தில் அவளுக்குக் கைகொடுக்கும் மூன்று கருவிகளும் இலவசமானவை. சாதாரணக் கணனியிலேயே அவை நன்றாக இயங்கும்.

முதலாவது, டேர்மினல். மவுஸால் படங்களை அழுத்தாமல், கட்டளைகளை எழுதிக் கணனியை வேலை வாங்கும் திரை இது. 'எல்எஸ்' என எழுதினால் கோப்புகளின் பட்டியல் வரும். 'சீடி' வேறொரு கோப்புறைக்குக் கொண்டுபோகும். 'ஆர்எம்' அழித்துவிடும்; அழித்தது குப்பைக்கூடையில் கிடக்காது, ஆகவே கவனம் தேவை. இவை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய யுனிக்ஸின் வழிவந்த கட்டளைகள். லினக்ஸில் இவை அப்படியே உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியும் 2016இல் வந்துவிட்டது.

இரண்டாவது, நிரல் எழுதும் எடிட்டர். கடிதம் எழுதும் 'வேர்ட்' இதற்கு உதவாது. அது எழுத்தின் அளவு, வடிவம் எல்லாவற்றையும் சேர்த்தே சேமிக்கும். நிரலுக்கு வெறும் எழுத்துகள் போதும். 2015இல் வெளிவந்த 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' போன்றவை, விடுபட்ட அடைப்புக்குறியைக்கூடச் சுட்டிக்காட்டும்.

மூன்றாவது, கிட். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005இல் இதை உருவாக்கினார். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சிறு குறிப்புடன் இதில் பதிந்து வைக்கலாம். இன்று எழுதியது பிழைத்தால், நேற்றுப் பதிந்ததற்குத் திரும்பலாம். பிழையான தையலைப் பிரித்து மீண்டும் தைப்பது போலத்தான். ஆனால் கணனியே பழுதானால் பதிவுகளும் போய்விடும். இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

"இதையெல்லாம் அங்கே படிப்பிப்பார்கள்தானே?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும், தெரிந்திருக்கும் என்று எண்ணியே பாடம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யிலும் இக்குறை இருந்தது. அதனாலேயே அங்கு 2020இல் 'விடுபட்ட பருவம்' என்ற கருத்துள்ள பெயரில் இக்கருவிகளுக்கென்று தனி வகுப்பு நடந்தது. அதன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தெரியாததைக் கேட்கக் கூச்சப்படும் பெண்பிள்ளை, "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடக்கூடும். அவளிடம் திறமை இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. வகுப்புத் தொடங்கும்வரை வீட்டில் காத்திருக்கும் மாதங்களில், நாளுக்கு அரைமணி நேரம் இவற்றுடன் பழகட்டும். வீட்டு வேலைகளுக்கிடையே அந்த அரைமணியை அவளுக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

உங்களுக்குக் கணனி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மகள், இன்டைக்கிச் செஞ்ச வேலையப் பதிஞ்சி வெச்சீங்களா?"