கிளிமூக்குக்கு எத்தனை பெயர்?

வாங்க வருபவர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதினால் இணையத்தில் கடை தெரியும். சித்தூர் மாவட்டம் படிக்க வேண்டிய பாடம் இது.

சித்தூர் மாவட்டத் தோப்புகளில் அதிகம் காய்க்கும் மாம்பழத்துக்குப் பெயர்கள் பல. தமிழர்களுக்கு அது கிளிமூக்கு. ஆந்திராவில் சிலருக்கு கலெக்டர் மாங்காய். மண்டிகளில் பெங்களூரா. ஆனால் வெளிநாட்டு ஜூஸ் கம்பெனிக்குக் கொள்முதல் செய்பவருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ‘தோத்தாபுரி கூழ்’. கூடவே சில கணக்குகள்: இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் 14-ஆ, கெட்டியாக்கிய கூழ் என்றால் 28-ஆ, டிரம் 215 கிலோவா, 228 கிலோவா. இந்தச் சொற்களும் எண்களும் இல்லாத இணையப் பக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் அவர் கண்ணில் படுவது கடினம்.

கண்ணில் படாததன் விலை என்ன என்பது இந்த மாவட்டத்துக்கு அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. நாட்டின் மாம்பழக் கூழ் உற்பத்தியில் சித்தூரும் பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரியும்தான் பெரிய மையங்கள். 2025 கோடையில் விளைச்சல் குவிந்தபோது முந்தைய ஆண்டுக் கூழே ஆலைகளில் தேங்கியிருந்தது. விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவது என்று ஆந்திர அரசு முடிவு செய்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரத் தடை விதிக்கப்பட, கர்நாடக முதல்வர் சித்தராமையா கடிதம் எழுதினார். நாலு பக்கம் எழுதி இணையத்தில் போட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று சொல்வது அபத்தம். ஆனால் புதிய வாடிக்கையாளரைத் தேட ஒரு வழி இருக்கும்போது, அதை ஆலைகளோ விவசாயிகளோ முழுதாகப் பயன்படுத்தாமல் இருப்பதும் புத்திசாலித்தனம் அல்ல.

அந்த வழிக்குப் பெயர் எஸ்.இ.ஓ. தேடுபொறியில் ஒரு பக்கம் முன்னால் வரும்படி அதை அமைக்கும் கலை. பலர் இதைக் கம்ப்யூட்டர்காரர்களின் மந்திரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது சந்தை விசாரிப்பு. கூகுளில் இரண்டு சொல் தட்டியவுடன் கீழே விழும் பட்டியலே, மற்றவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதைக் காட்டிவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த நாட்டில், எந்த மாதத்தில் கிராக்கி என்பதை 2006-இல் வந்த ‘கூகுள் ட்ரெண்ட்ஸ்’ சொல்லும். நம் பக்கத்துக்கு வந்தவர் என்ன கேட்டு வந்தார் என்பதைச் சொல்ல ‘சர்ச் கன்சோல்’ இருக்கிறது. இரண்டுமே இலவசம். கேள்வி தெரிந்துவிட்டால் எழுத வேண்டியதும் தெரிந்துவிடும். “எங்கள் தரமே தரம்” என்ற பக்கத்தை யாரும் தேடுவதில்லை. “கூழை எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?” என்பதைத் தேடுகிறார்கள். அதற்குப் பதில் எழுதிய ஆலைக்குத்தான் விசாரணை வரும்.

இதைச் செய்து காட்டிய தமிழ்நாட்டு உதாரணம் உண்டு. 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளை விற்றது. இந்தத் துறையில் பெரிதாக இருந்த ஸென்டெஸ்க் விலையை ஏற்றியதும் அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் பொருமிய செய்திதான் தொழில் தொடங்கத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப் பொருமுகிறவர் அடுத்து என்ன தேடுவார்? “இதற்கு மாற்று என்ன?” என்று. அந்தக் கேள்விக்கென்றே ஒப்பீட்டுப் பக்கங்களை வைத்தது கம்பெனி. 2011-இல் அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். 2017-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது. நல்ல சரக்கும் முதலீடும் இல்லாமல் இது நடந்திருக்காதுதான். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையாமலேயே வாடிக்கையாளரைப் பிடிக்கலாம் என்பது நிரூபணமானது.

குறுக்கு வழிகளுக்கும் பஞ்சமில்லை. ஒரே சொல்லை நூறு தடவை திணிப்பது, காசு கொடுத்து மற்ற தளங்களில் இணைப்பு வாங்குவது எல்லாம் ஒரு காலத்தில் எடுபட்டன. பக்கத்தின் பின்னால் ஒளித்து வைக்கும் ‘கீவேர்டு’ பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் முன்னணியில் நின்ற அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை, 2011-இல் பத்திரிகையில் விஷயம் வெளியானதும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. “30 நாளில் முதலிடம்” என்று வாக்குறுதி தருபவரிடம் பணம் கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மாவட்டத்தின் மேற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள குடுபல்லிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குப்பம் தொகுதியைச் சேர்ந்த இந்த மண்டலத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. போதாக்குறைக்கு இதே மாவட்டத்தில், வேலூர்ப் பக்கம் குடிபாலா என்று வேறொரு மண்டலம். காய்கறி, பூ, பட்டுக்கூடு என்று விற்கும் இந்தப் பகுதியின் உற்பத்தியாளர் குழு தன் பக்கத்தில், “குப்பத்துக்கு அருகே, ஜோலார்பேட்டை-பெங்களூர் ரயில் பாதையில்” என்று ஒரு வரி சேர்த்தால் குழப்பம் பாதி தீரும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊரில், மூன்றிலும் எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கான செலவும் அதிகமில்லை.

காலம் வேறு மாறிக்கொண்டிருக்கிறது. 2024 முதல் கூகுளே பல கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு மூலம் பதிலைத் தொகுத்து மேலே காட்டுகிறது. படிப்பவர் எந்தப் பக்கத்தையும் திறக்காமலேயே போய்விடலாம். ஆனால் அந்தப் பதிலுக்கும் தகவலை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். சித்தூர் தன் மாம்பழத்தைப் பற்றி எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள். வாங்குபவரும் அவர்களிடம்தான் போவார்.