மஞ்சள் சிவக்கும் முற்றம்

யாழ்ப்பாணத்து வீடுகளின் முற்றம் முன்பெல்லாம் மண்ணாகவே இருந்தது. வலிகாமத்தில் செம்பாடு, வடமராட்சிக் கரையோரத்தில் வெள்ளை மணல். விடியப்புறம் ஈர்க்குமாற்றால் கூட்டிவிட்டால் பிறை பிறையாகக் கீறல் விழுந்து கிடக்கும். அதில் முதலில் கால் பதிப்பவர்கள் பிள்ளைகள்தான். ஒரு கிளுவைத் தடி கையில் கிடைத்தால் போதும், தேரும் கப்பலும் படலை வரைக்கும் நீளும். சோளகம் வீசுகிற நாட்களில் பின்னேரத்துக்குள் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த நாள் புதுத் தரை.

நிறம் வேண்டுமென்றால் அடுப்படிக்குத்தான் ஓட வேண்டும். கறுப்புக்குக் கரி, காவிக்கு உடைந்த ஓட்டுத்துண்டு, பச்சைக்குக் கசக்கிய இலை. வெள்ளை மட்டும் லேசில் கிடைக்காது, அது அரிசிமா. தமிழ்நாட்டைப்போல நாள்தோறும் வாசலில் கோலம் போடுகிற வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. அதனால் தைப்பொங்கல் காலைக்கு ஒரு தனி மதிப்பு. சாணத்தால் மெழுகிய நிலத்தில் உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக மாவைத் தூவிக் கோடு இழுப்பார்கள். அப்படி அடைத்த சதுரத்துக்குள்தான் அடுப்பு மூட்டிப் புக்கை பொங்குவது. மிஞ்சிய மா பிள்ளைகளுக்கு.

பிறகு போர் வந்தபோது அந்த முற்றத்தை வெட்டிப் பங்கர் அமைத்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பல இடங்களில் மண்டையோட்டுப் படம் போட்ட மிதிவெடிப் பலகைகள் நின்றன. நிலத்தைக் கிண்டாதே, தெரியாத பொருளைத் தொடாதே என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்தது ஒரு தலைமுறை. மண்ணோடு விளையாடுவது பிள்ளைகளுக்கு எப்படிக் குறைந்துபோனது என்று பேசுகிறவர்கள் கைபேசியை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்றைய முற்றம் சீமெந்து, அல்லது இன்டர்லொக் கல். குடாநாடே சுண்ணாம்புக்கல் மேல்தான் இருக்கிறது. அந்தக் கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்தது. 1990இல் போர் அதை நிறுத்தியது. அடுத்து வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் தடைப்பட்ட பொருளாயிற்று. 2009க்குப் பின் ஏ9 வீதி வழியாக அது தாராளமாக வந்திறங்கியபோது, இத்தனை காலம் காத்திருந்த சனம் வீட்டைக் கட்டி, மதிலைக் கட்டி, முற்றத்தையும் மூடியது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வற்றாத ஆறில்லாத இந்த மண்ணில் கிணற்றுக்கு நீர் தருவது மழைதான். முற்றத்தில் பாதியையாவது மழைக்கு விட்டுவைக்க வேண்டும்.

மூடிய பாதியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஓகஸ்ட் விடுமுறை, நல்லூர்த் திருவிழாக் காலம், மழையில்லாத வெயில். தடியால் கீற முடியாத அந்தத் தரை, வண்ணத்தை நன்றாகப் பிடிக்கும். ஒரு பேணி கோன்பிளவர் மாவுக்கு ஒரு பேணி தண்ணீர். மா அடியில் தங்கிவிடும் என்பதால் தொட்டுத் தொட்டுக் கலக்க வேண்டும். ஈரத்தில் மங்கலாகத் தெரிவது காய்ந்ததும் சோக்கைப்போல வெளுக்கும். கடைச் சாயம் சில துளி விட்டால் எந்த நிறமும் வரும். ஆனால் பிள்ளைகளுக்கு அடுப்படியைத் திறந்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி: பீற்றூட்டைத் துருவிப் பிழிந்த சாறு, அரைத்துக் கரைத்த கரி, ஒரு கரண்டி மஞ்சள்தூள்.

மஞ்சளை விட்டுவிடாதீர்கள். மஞ்சள் கலந்த மாவால் ஒரு சூரியனை வரையச் சொல்லுங்கள். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, தூரிகையால் அதன் மேல் கதிர்களை இழுக்கச் சொல்லுங்கள். இழுத்த இடமெல்லாம் செங்காவியாகச் சிவக்கும். "அம்மம்மா, இஞ்ச ஓடி வாங்கோ, சிவந்திட்டுது!" என்ற கூச்சல் கட்டாயம் கேட்கும். அம்மம்மாவுக்கு அது புதுமை இல்லை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்கவைத்தவர் அவர். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சிவந்த கதிரில் தேசிக்காயைப் பிழிந்தால் பிள்ளைகள் அதையும் கண்ணால் காண்பார்கள். சுண்ணாம்பை மட்டும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் பொல்லாதது. புதிதாகப் பூசிய சீமெந்தென்றால் சோடாவே தேவையில்லை. அதிலுள்ள காரம் பட்டு மஞ்சள் தானாகவே நிறம் மாறும்.

கறை பிடிக்குமே என்று பெரியவர்கள் தயங்குவார்கள். மாவைத் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்தால் போய்விடும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, சில நாளில் வெளுத்துவிடும். படலைக்கு வெளியே ஒழுங்கையில் வரைய விட வேண்டாம், காபற் போட்ட பிறகு மோட்டார் சைக்கிள்கள் அங்கே பறக்கின்றன. அப்பச்சோடா தீர்ந்துபோனால் கடைக்கு ஓடத் தேவையில்லை. கறி பட்ட சட்டையைத் தோய்க்கும்போது சிவக்கிறதே, அந்தச் சவர்க்காரக் கட்டியைக் கரைத்த தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.